கண்ணாடிக்காரர் வாங்கிய பரிசுகள்

"இந்த ஒரு பரிசை நான்தான் வாங்கப்போறேன். நான் மட்டும்தான். வீட்டுல மூச்சு விடமாட்டேன்!"

கடையின் பின்னறையில், லென்ஸ் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணாடிக்காரர் இப்படிச் சபதம் செய்தார். சாட்சிக்கு ஆளில்லை. குழாய் மட்டும் சொட்டுச் சொட்டாக ஆமோதித்தது.

சபதம் சின்னதாகத் தெரியலாம். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் தானாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தால் அதன் எடை புரியும். சட்டை மனைவி எடுத்தது. செருப்பு மனைவி எடுத்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் நிறம்கூட அவள் சொன்னதுதான். ஊரே அவரிடம் வந்து, "எந்த ஃபிரேம் சார் எனக்கு எடுப்பா இருக்கும்?" என்று கேட்கும். அவரும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, நிபுணராகத் தீர்ப்பு சொல்வார். ஆனால் அவருடைய மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியை அவர் வேலை பார்க்கும் கடைக்கே வந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் மனைவி.

அவள் கத்துகிற ரகமாக இருந்தால் பதிலுக்குக் கத்திப் பார்க்கலாம். அவள் கத்தமாட்டாள், சிரிப்பாள். பஸ் டிப்போவின் கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு வேலை. மைக்கைப் பிடித்து, "ஏழாம் நம்பர், டீ ஆறிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். நாலு கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில் நிற்கும் ஏழாம் நம்பர் டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். நாற்பது பஸ்ஸையும் நாற்பது டிரைவரையும் மேய்க்கிறவளுக்கு வீட்டிலிருக்கும் ஒரே ஒரு கண்ணாடிக்காரர் எம்மாத்திரம்? குடியிருப்பில் எல்லாரும் அவளைக் 'கன்ட்ரோல்' என்றே சொல்வார்கள். அவரும் மனசுக்குள் அப்படித்தான் சொல்வார்.

சபதத்துக்கு விதை போட்டது ஒரு அட்டை.

ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்க்கும் இல்லம் ஒன்று, ஆண்டு இறுதி விடுமுறைக்காகக் கடையில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போயிருந்தது. பலகை நிறைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் வயது, ஷூ அளவு, விருப்பம். அட்டையை எடுத்துக்கொள்கிறவர், இரண்டாவது சனிக்கிழமைக்குள் பரிசை வாங்கி இல்லத்தில் கொடுத்துவிட வேண்டும். 'வயது நாலு, கரடி பொம்மை' எல்லாம் ஒரே நாளில் பறந்துவிட்டன. 'வயது ஆறு, சைக்கிள்' அட்டைக்கு இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

'பெண். வயது பதினாறு. ஷூ அளவு ஏழு. விருப்பம்: எதுவானாலும் பரவாயில்லை.'

எடுத்துப் படித்தவர்கள் எல்லாரும், சூடான பாத்திரத்தைத் தொட்டவர்கள்போல் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள். பதினாறு வயதுக்கு என்ன வாங்குவது? பொம்மைக்கு வயது தாண்டிவிட்டது. புடவைக்கு வயது வரவில்லை. மூன்று நாளாகத் தனியாக ஆடிக்கொண்டிருந்த அந்த அட்டையைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடிக்காரருக்கு என்னவோ செய்தது. எடுத்தார். சட்டைப் பையில் போட்டார். தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

ஆலோசனைக்கு எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரை மாடிப்படியில் மடக்கினார்.

"சார், பதினாறு வயசுப் பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"என் கடைக்கு வர்ற பதினாறு வயசெல்லாம் முகப்பருவுக்குத்தான் மருந்து கேக்குது."

"பருவுக்கு மருந்தைப் பரிசாக் கொடுக்க முடியுமா சார்?"

"ஏன் முடியாது? பரிசு பரிசாவும் இருக்கும், முகம் பரிசுத்தமாவும் இருக்கும்."

"வேற ஏதாவது சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் கூரையைப் பார்த்தார். "அந்த வயசுல எல்லாம் ஒரே தூக்கம் சார். எழுப்ப ஏதாவது வாங்குங்க."

வாங்கினார். சேவல் வடிவத்தில் ஒரு கடிகாரம். மணிக்கு ஒரு தடவை சிறகை அடித்துக் கூவும். விற்றவன் அதன் அருமை பெருமைகளை எல்லாம் சொன்னான். நிறுத்துவது எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கடையிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அவருடைய முதலாளி, கடைக்குள் எது கிடந்தாலும் தூசி தட்டி, விலை ஒட்டி, அலமாரியில் வைத்துவிடும் ஆசாமி. ஆகவே கண்ணாடிக்காரர் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பூனைபோல் கதவைத் திறந்தார். உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது கையில?"

"எது?"

"கையில இருக்கிறது."

"கை."

"கைக்குள்ள?"

"பெட்டி."

"பெட்டிக்குள்ள?"

"ஒண்ணுமில்ல. சும்மா பெட்டி. காலிப் பெட்டி."

சரியாக ஆறு மணி அடித்தது. காலிப் பெட்டி, "கொக்கரக்கோ!" என்று ஆறு முறை கூவியது.

மனைவி மடித்த துணியைக் கீழே போட்டாள். எழுந்தாள். அவள் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் அரையடி பின்வாங்கினார்.

"எனக்கா!"

"அது வந்து..."

"கல்யாண நாள் வருதுன்னு ஞாபகம் வெச்சிருக்கீங்களே! இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நீங்களா போய், நீங்களா பார்த்து..." முந்தானையால் கண் ஓரத்தை ஒற்றினாள்.

கல்யாண நாளா? இந்த வாரமா? கண்ணாடிக்காரரின் முதுகில் ஒரு துளி வியர்வை மேலிருந்து கீழே பயணம் செய்தது. உண்மையைச் சொன்னால், 'பரிசும் உனக்கில்லை, நாளும் நினைவில்லை' என்று இரண்டு குற்றம். சொல்லாவிட்டால் ஒரு சேவல்தான் நஷ்டம். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மறப்பேனா?"

அந்த ஒரு சொல்தான் அவரைக் கவிழ்த்தது.

சேவல் கூடத்துச் சுவரில் ஏறியது. மணிக்கு ஒருமுறை கூவியது. கண்ணாடிக்காரர் மணிக்கு ஒருமுறை துள்ளினார்.

சரி, போனால் போகிறது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த முறை மருந்துக்கடைக்காரரைக் கேட்காமல் சொந்த மூளையை நம்பினார். பதினாறு என்றாலும் குழந்தைதானே! ஐந்து வயதுப் பிள்ளை உயரத்துக்கு, சுருட்டை முடியோடு ஒரு பொம்மை கிடைத்தது. வயிற்றை அமுக்கினால் 'லல்லல்லா' என்று பாடும். அதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது? யோசித்து யோசித்துத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது.

மாடிப்படியில் மருந்துக்கடைக்காரர் எதிர்ப்பட்டார். நின்றார். கண்ணைக் கசக்கினார்.

"சார், என் கண்ணைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணணும். உங்களுக்கு ரெண்டு தலை தெரியுது."

"ஒண்ணு என்னோடது."

"எது?"

"வழுக்கையா இருக்கிறது."

மூன்றாவது மாடிக்கு ஏறி, மூச்சு வாங்கிக் கதவில் சாய்ந்தார். பொம்மையின் வயிறு அமுங்கியது. 'லல்லல்லா!' கதவு திறந்தது.

"என்னங்க, பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வர்றீங்க? அட, இது யாரு!" மனைவி பொத்தானைக் கழற்றிப் பொம்மையை வெளியே எடுத்தாள். "எனக்கா!"

"இல்ல... அதாவது..."

"இன்னிக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"நீயே சொல்லேன். உன் வாயால கேக்கணும்போல இருக்கு." தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

"நாம முதல் முதல்ல பஸ்ல பார்த்துக்கிட்ட நாள்! நீங்க எழுந்து எனக்கு இடம் கொடுத்தீங்களே!"

"மறப்பேனா?"

பொம்மை கூடத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் அமர்ந்தது. அது அவருடைய நாற்காலி. அவர் முக்காலிக்கு மாறினார். தெரியாமல் பொம்மை மேல் சாய்ந்தால் அது பாடியது. அது பாடி முடிப்பதற்குள் சேவல் கூவியது. இரண்டுக்கும் நடுவில் மனைவி சந்தோஷமாகக் காபி குடித்தாள்.

மூன்றாவது முறை கண்ணாடிக்காரர் மருந்துக்கடைக்காரரிடமே சரணடைந்தார்.

"கூவக் கூடாது. பாடக் கூடாது. சட்டுனு ஒளிச்சு வைக்கிற மாதிரி தட்டையா இருக்கணும். உபயோகமாவும் இருக்கணும்."

"அப்படிச் சொல்லுங்க. எங்க கடையிலயே இருக்கு."

இருந்தது. எடை பார்க்கும் மெஷின்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு எடை மெஷினைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. தட்டையாக இருந்தது, அது போதும். கட்டிலுக்கு அடியில் சத்தமில்லாமல் தள்ளினார். முழுசாகப் போகவில்லை. விளிம்பு நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போன மனைவி துடைப்பத்தோடு ஒரு பெட்டியையும் வெளியே இழுத்தாள். பிரித்தாள். தரையில் வைத்தாள். மேலே ஏறினாள். முள் ஆடி நின்றது. அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இரண்டாவது பார்வைதான் அதிகமாகக் குத்தியது.

"எனக்கா?"

இந்த 'எனக்கா'வில் மலர்ச்சி இல்லை.

"ஐயையோ, உனக்கில்ல! சத்தியமா உனக்கில்ல! உனக்கு எதுக்கு இதெல்லாம்? நீ காத்துல பறக்கிற மாதிரி இருக்கே!"

"அப்போ யாருக்கு?"

சொல்லிவிடலாமா? உதடு வரைக்கும் வந்தது. ஆனால் கல்யாண நாளும் பஸ் நாளும் சேர்ந்து குறுக்கே வந்து நின்றன.

"எனக்கு!"

"உங்களுக்கா?" துடைப்பம் கீழே விழுந்தது. "நீங்களாவே உடம்பைக் குறைக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? எத்தனை வருஷமா இதுக்காகக் காத்திருக்கேன் தெரியுமா? ஏறுங்க மேல!"

ஏறினார். முள் சுற்றிய சுற்றில் அவருக்கே தலை சுற்றியது. அன்று முதல் வெந்த காய்கறி. காலையில் மூன்று மாடி ஏறி இறங்கினார், மாலையில் இறங்கி ஏறினார். மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம், "பிரமாதம் சார், இன்னும் ரெண்டே ரெண்டு மாடி!" என்று மருந்துக்கடைக்காரர் உற்சாகப்படுத்தினார். அந்த உற்சாகத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தால் நன்றாயிருக்கும் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள்தான் கடைசி நாள். மனைவி டிப்போவுக்குப் போன சமயம் பார்த்து, கொடுக்கிற மாதிரி ஏதாவது அகப்படுமா என்று பீரோவைக் குடைந்தார். கல்யாணப் போட்டோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு முடி இருந்தது. பெருமூச்சோடு திருப்பினார். பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரை. முத்திரையில் தேதி.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

கல்யாண நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது!

அப்படியானால் அந்த பஸ்? நெற்றியைத் தேய்த்தார். அவர்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டது பஸ்ஸில் இல்லையே! அவளுடைய சித்தப்பா வீட்டு வரவேற்பறையில். இவர் உட்காரப்போன நாற்காலியில் சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. இவர் அதன் மேல் உட்கார்ந்து உடைத்தார். அவள் சிரித்தாள். அப்படித்தான் சம்பந்தமே முடிந்தது. பஸ்ஸாவது, இடம் கொடுத்ததாவது!

ஏன் இப்படிச் செய்தாள்? கேட்டுவிடலாம்தான். கேட்டால், 'மறப்பேனான்னு ரெண்டு தடவை சொன்னீங்களே?' என்று திருப்பிக் கேட்பாள். கண்ணாடிக்காரர் போட்டோவை இருந்த இடத்தில் வைத்தார். பீரோவைச் சாத்தினார். பொம்மைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். பொம்மை அவரைப் பார்த்துச் சிரித்தது. அதற்கும் விஷயம் தெரியும்போல.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, மூன்று மணி வெயிலில் இல்லத்துக்கு ஓடினார். வழியில் திறந்திருந்த முதல் கடைக்குள் நுழைந்து கையில் கிடைத்ததை வாங்கி, காகிதம் சுற்றச் சொன்னார். உள்ளே என்ன என்று கேட்டிருந்தால் அவருக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்திருக்கும். துண்டு. பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு இரண்டு.

இல்லத்தின் கூடம் முழுக்கப் பொட்டலம். நடுவில் பொறுப்பாளர் அம்மாள், ஒட்டும் டேப் சுருளை வளையல்போல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பல்லால் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அட்டையின் விவரத்தைச் சொன்னார்.

"அதுவா? அந்தப் பரிசு போன வாரமே வந்தாச்சே சார்!"

"வந்தாச்சா? நான் இப்பதானே கொண்டுவர்றேன்?"

"உங்க வீட்டம்மா வந்தாங்களே! உங்க சட்டையைத் துவைக்கப் போடறப்போ பையில அட்டை இருந்துச்சாம். அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி, 'அவரு ஆசையா எடுத்திருக்காரு, பாவம். ஆனா அவருக்கு வாங்கத் தெரியாது. அவரு எதைக் கொண்டுவந்தாலும் நான் வீட்டு வாசல்லயே பிடிச்சு வெச்சுக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க'ன்னு சொன்னாங்க." அம்மாள் டேப்பைக் கீழே வைத்தார். "சேவலாமே சார்? நிஜமாவே கூவுதா?"

கண்ணாடிக்காரர் காதில் அது கூவிக்கொண்டிருந்தது.

"இருங்க, அவளையே கூப்பிடறேன். ஏய், கோலி! கோலி எங்க?"

"பரவாயில்லீங்க, கோலி எல்லாம் நான் விளையாடறதில்ல."

"விளையாடற கோலி இல்ல சார். ஃபுட்பால் கோலி. கோல் போஸ்ட்ல நிக்கிறவ. அந்தப் பேரே நிலைச்சுப்போச்சு."

வாசலில் உயரமாக ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பச்சை நிறத்தில் பெரிய கையுறை. காலில் மஞ்சள் நிறத்தில் ஆணி வைத்த ஷூ. இவ்வளவு சத்தமான நிறங்களைக் கண்ணாடிக்காரர் ஒரே ஆளிடம் பார்த்ததில்லை. அவர் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்திருக்கும்.

"அக்காவோட வீட்டுக்காரரா? வணக்கம் அங்கிள்!"

"அவ அக்கா, நான் அங்கிளா?"

"அவங்கதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க."

சொல்லியிருப்பாள்.

"இது ரெண்டும் அவ வாங்கிக்கொடுத்ததா?"

"நானே எடுத்தது அங்கிள்! அக்கா கடை வாசல்ல நின்னுட்டாங்க. 'உள்ள போ, பிடிச்சதை எடு, எவ்வளவு நேரமானாலும் சரி'ன்னாங்க. நான் ரெண்டரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன். கடைக்காரர் அழுதுட்டார்." அவள் கையுறையை விரித்து மூடி விரித்துக் காட்டினாள். "இதுவரைக்கும் நான் எதையுமே நானா எடுத்ததில்ல. எல்லாம் யாராவது கொடுக்கிறதுதான்."

கண்ணாடிக்காரருக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. "அப்போ அட்டையில ஏம்மா எதுவானாலும் பரவாயில்லைன்னு எழுதினே? பிடிச்சதை எழுதியிருக்கலாமே?"

"பிடிச்சதை எழுதி, அது வரலேன்னா கஷ்டமா இருக்கும் அங்கிள். எதுவானாலும்னு எழுதிட்டா, எது வந்தாலும் கேட்டது வந்த மாதிரிதானே?" சிரித்தாள். "ஆனா ஏழு வருஷமா துண்டுதான் வருது. நான் நீச்சல் வீராங்கனைன்னு நெனச்சுட்டாங்கபோல. ஆமா, உங்க பின்னால என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்ல. முதுகு."

துண்டுப் பொட்டலத்தை அப்படியே பின்னால் இருந்த மேஜைக்கு அடியில் நழுவவிட்டார்.

"நல்லா பந்து பிடிப்பியா?"

"தாவறதுல நான்தான் முதல். பிடிக்கிறதுதான் வரமாட்டேங்குது. பந்து ரொம்பக் கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. போன மேட்ச்ல ஒரு பறவையைத் தாவிப் பிடிக்கப் போனேன். பந்து அந்தப் பக்கமா உள்ள போயிடுச்சு."

பொறுப்பாளர் அம்மாள் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இமைகள் இடுங்கின. நெற்றி சுருங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இருபத்தைந்து வருடமாக, கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் கண்டுபிடிக்கிற விஷயம் அது.

"அதோ, எதிர்ச் சுவர்ல காலண்டர் இருக்கே. அதுல என்ன தேதி?"

"எது அங்கிள்? அது காலண்டரா? ஜன்னல் இல்ல?"

கண்ணாடிக்காரர் துள்ளிவிட்டார். சேவல் கூவாமலேயே துள்ளினார்!

"அம்மா, இந்தப் பொண்ணுக்குக் கிட்டப்பார்வை! தூரத்துல இருக்கிறது தெரியல. இத்தனை நாளா யாரும் கவனிக்கலையா? இப்பவே நான் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். டெஸ்ட்டும் நானே பண்றேன். கண்ணாடியும் என் பரிசு. நானே கொடுக்கிற பரிசு!"

"அடடே!" என்றார் பொறுப்பாளர் அம்மாள், கையைக் கன்னத்தில் வைத்து. பிறகு எந்தத் தடையும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

தெருவில் நடந்துகொண்டே கண்ணாடிக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். குரலில் வெற்றி முரசு கொட்டியது.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு! கல்யாண நாளா? பஸ்ஸா? உங்க சித்தப்பாவோட கண்ணாடி மேல உட்கார்ந்தது எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியா?"

"மறப்பீங்களா?" என்று சிரித்தாள் மனைவி. "பதினேழு, கொஞ்சம் பின்னால எடுங்க. உங்களை இல்லைங்க, பஸ்ஸை."

"அது போகட்டும். அந்தப் பொண்ணோட ரெண்டரை மணி நேரம் கடையில நின்னியே. உனக்குத் தெரியாத ஒண்ணை நான் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சேன். அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல!"

மறுமுனையில் மைக்கைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்பது பஸ்ஸும் நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"அப்படியா! எனக்குத் தோணவே இல்லையேங்க! நீங்க இல்லேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அதுக்கெல்லாம் உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும்."

கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. எடை மெஷினில் ஏற்றியிருந்தால் முள் அசைந்திருக்காது.

கடையில் அவர் கோலியை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டார். "இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?" என்று ராகம் போட்டுக் கேட்டார். எதிரே இருந்த பலகையில் மேல் வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் 'கோடு' என்றாள். ஏழாவது லென்ஸ் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரியைப் படித்தாள். அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். சட்டென்று எழுந்து அந்தக் கனத்த சோதனைக் கண்ணாடியோடு வாசலுக்கு ஓடினாள்.

"அங்கிள்! அந்த மரத்துல தனித்தனியா இலை இருக்கு! அந்த பஸ் முப்பத்தொண்ணு! அங்க ஒருத்தர் கொட்டாவி விடறார்! அவருக்கு ஒரு பல் இல்ல!"

கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டார். பொறுப்பாளர் அம்மாள் முந்தானை ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரரின் கண்ணாடியில் ஏனோ ஆவி படிந்தது.

பிறகு ஃபிரேம். கண்ணாடி அலமாரியின் முன்னால் அவள் நின்றாள். அவருடைய வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. 'உன் முகத்துக்கு வட்டமா, கறுப்பா...' வந்துவிட்ட வார்த்தையை அப்படியே விழுங்கினார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பிடிச்சதை எடும்மா. எவ்வளவு நேரமானாலும் சரி."

ஒரு மணி நேரம் ஆனது. அவள் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். கண்ணைப் பறித்தது. மூக்கில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்து, அவள் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு அதைவிட எடுப்பான ஃபிரேம் கடையில் இல்லை என்பதை நிபுணர் ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "என்ன! நீங்களே கண்டுபிடிச்சீங்களா! ஆஹா! எப்பேர்ப்பட்ட கண்ணு சார் உங்களுக்கு! நம்பவே முடியலையே!" என்று தெருவுக்கே கேட்கும்படி வியந்தார்.

இருபத்தைந்து வருடத்தில் முதலாளி அவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. கண்ணாடிக்காரர் தழுதழுத்தார். "ஏதோ, நம்ம தொழில் அனுபவம்தான் முதலாளி" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே, கோலியின் பெயரை எழுதுவதற்காக முன்பதிவு நோட்டைப் புரட்டினார்.

அன்றைய பக்கத்தில், நாலு மணிக்கு நேராக, அந்தப் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது.

முதலாளி அவர் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஷூ வாங்கக் கடைக்குப் போறப்பவே அந்தப் பொண்ணால பஸ் நம்பரைப் படிக்க முடியலையாம். திங்கக்கிழமையே உங்க வீட்டம்மா போன் பண்ணி, 'சனிக்கிழமை நாலு மணிக்கு அவரே கூட்டிட்டு வருவார். தானா கண்டுபிடிச்ச சந்தோஷத்துல இருப்பார். நீங்களும் கொஞ்சம் ஆச்சரியப்படுங்க'ன்னு சொன்னாங்க. ஏன் சார், நான் சரியா ஆச்சரியப்பட்டேனா?"